அம்மை இன்ஸ்பெக்டர் வண்டி

எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு அல்ல, நான் கேட்டுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் எங்கள் சொந்தபந்தத்தில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவர் என்னவோ மாப்பிள்ளை ஊர்வலம் போல வண்டியில் வந்து இறங்கியதாகத்தான் சொல்கிறார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் நடுவில் வாயைத் திறந்தால், "ஆரம்பிச்சிட்டியா" என்று சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை விட்டு இறங்கி, வயலுக்கு நடுவில் ஒரு மைல் உள்ளே நடந்தால் எங்கள் வீடு. நான் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், ரேடியோவுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றுகிற சின்னக் கம்பெனி ஒன்றில். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்ற வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்தான் லாயக்கு என்று எங்களைப் போல முப்பது பேரை எடுத்திருந்தார்கள். என் அம்மா, என் அத்தைகள், என் மாமியார் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகக் காலில் ஒட்டிய சேற்றைத்தான் கழுவுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலி மேல் எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை அது காலியாக இருக்குமே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. கம்பெனியில் காலையில் இரண்டு சங்கு ஊதும். முதல் சங்கு ஏழே முக்காலுக்கு, இரண்டாவது எட்டுக்கு. இரண்டாவது ஊதி முடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் வந்தவள் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான், அன்றைய கூலி கிடையாது. ஒரே மாதத்தில் மூன்று முறை இப்படி ஆனால் பேரை அடித்துவிடுவார்கள். பொங்கலுக்குப் பிறகு பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் என் பேர் இருந்தது. அந்தப் பட்டியலிலிருந்து பேர் போனால் அடுத்த வாரமே யாராவது, "சும்மாத்தானே கீறே, களை எடுக்க வாயேன்" என்று வாசலில் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் போகிற வழியைச் சொன்னால் உங்களுக்கே மூச்சு வாங்கும். இருட்டோடு எழுந்து, மண் பாதையில் ஒரு மைல் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு இன்னொரு பஸ். ஆவடியில் கரி எஞ்சின் ரயிலைப் பிடித்து, அண்ணனூர், திருமுல்லைவாயில் தாண்டி அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் எல்லாம் தவறும். மழைக்காலத்தில் எப்படியும் ஒன்று தவறும். என் வீட்டுக்காரருக்கு வேலை ஆவடியிலேயே, ஒரு ஃபாக்டரியில். அவர் சைக்கிளில் போவார். பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டும் போய்ப் பார்த்தார். பூந்தமல்லியில் டபுள்ஸ் போகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே ஒரு போலீஸ்காரர் மரத்தடியில் நிற்பார். இரண்டு முறை மாட்டிக்கொண்டோம். மூன்றாவது முறை அவர், "இன்னா, தினமும் கல்யாண ஊர்வலமா?" என்று கேட்டதில் எனக்கு மானம் போய்விட்டது.

ஐப்பசி மழை தொடங்கியதும் நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆவடி ஸ்டேஷனில் என்னைக் கொண்டுபோய் ரயிலுக்கு விட்டால் போதும் என்று. வாங்குகிற வண்டி தார் ரோட்டிலும் போக வேண்டும், எங்கள் ஊர்ச் சேற்றிலும் போக வேண்டும். எங்கள் ஒரு மைல் பாதை மழை பெய்தால் பாதையே இல்லை. மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளம் மட்டும் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும். அதில் போய்ப் பழகிய காலுக்கே வழுக்கும்.

வண்டி பார்க்கிற வேலையில் எங்களுக்குத் துணை வந்தவர் பூந்தமல்லி மெக்கானிக் ஒருவர். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவார். விற்கிறவன் ஆள் வருகிற நேரம் பார்த்து முன்னாலேயே உதைத்து உதைத்துக் கிளப்பி வைத்திருக்கிறான், ஆறிய வண்டி கிளம்பாது என்று அர்த்தம். ஆறியிருந்தால்தான் கிக்கரில் காலை வைப்பார். அப்புறம் ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்பார்.

அவர் முதலில் கூட்டிப்போய்க் காட்டியதுதான் அம்மை இன்ஸ்பெக்டர் வண்டி. பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டு ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது. அந்த வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற சுகாதார இன்ஸ்பெக்டர். வரப்பு, ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு என்று எங்கே குழந்தை இருந்தாலும் போயாக வேண்டிய உத்தியோகம். அதற்கேற்ற மாதிரி வண்டியைத் தானே மாற்றி வைத்திருந்தார். தண்ணீர் புகாமல் இருக்க சைலன்சர் குழாயை மேலே தூக்கிக் கட்டியிருந்தார். சேறு அடைக்காமல் இருக்க முன் மட்கார்டை உயர்த்தியிருந்தார். இரண்டு சக்கரத்துக்கும் பட்டன் பட்டனாகப் புடைத்த டயர். எடை குறைவு, விழுந்தாலும் ஒரு ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். மெக்கானிக் எஞ்சினைத் தொட்டார், ஜில்லென்று இருந்தது. ஒரே உதை, கிளம்பிவிட்டது. "மச்சான், இத்தப் பாத்தப்புறம் வேற பாக்காதே" என்றார்.

நான் பார்த்தது வேறு. இடது பக்கம், புடவை சிக்காமல் பின் சக்கரத்தை மூடி ஒரு சாரி கார்டு இருந்தது. அதன் கம்பிகள் நடுவில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன, புடவை உரசி உரசி. இரண்டு பேர் உட்காருகிற நீளமான சீட்டு. சாமான் கட்டுவதற்கல்ல, ஒரு பெண் உட்காருவாள் என்று நினைத்துச் செய்த சீட்டு.

பேசியவன் இன்ஸ்பெக்டரின் தம்பி. அண்ணன் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, மஞ்சள்காமாலையில் போய் நாலு மாதம் ஆகிறது என்றான். அப்போதுதான் கவனித்தேன். வாசல் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு புடவையின் ஓரம் தெரிந்தது. நாங்கள் இருந்த அத்தனை நேரமும் அந்த ஓரம் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் எழுந்துவிட்டார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட இருக்காது. கல் மாதிரி உடம்பு, அதே மாதிரி பேச்சு. "செத்தவன் ஊட்டு வண்டி என் வாசப்படி ஏறக் கூடாது" என்றார். அதோடு முடிந்தது.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் மாமனார் கூலிக்கு ஏர் ஓட்டியவர். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு கட்டை வண்டியும் ஜோடி மாடும் வாங்கினார். வாங்கிய வீட்டில் அப்போதுதான் ஆண்பிள்ளை செத்துப்போயிருந்தான், அதனால் மலிவாகக் கொடுத்தார்கள். ஆறாவது மாதம் இவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வண்டி கவிழவில்லை, மாடு முட்டவில்லை. ஆனால் மாமியார் கணக்கில் அந்த வண்டிதான் அவரைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அவர் தன்னையும் அந்த வண்டியோடு சேர்த்துவிட்டார். பெற்ற மகன் வேலைக்குக் கிளம்பும்போதுகூடக் கண்ணில் படமாட்டார். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வார். சாப்பாட்டுத் தூக்கைக்கூட நான்தான் வாங்கி வந்து கொடுக்க வேண்டும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமியார் வேண்டாம் என்றபோது எனக்குக் கோபம் வந்ததாக இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கை தானாகத் தாலிக்குப் போனது. அம்பத்தூரில் மெஷினுக்கு முன்னால் உட்கார்கிறவள், மாதச் சம்பளம் வாங்குகிறவள் என்ற ராங்கி எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அந்த அக்காவைப் பற்றி அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

அடுத்து ஒரு ஸ்கூட்டர் பார்த்தோம். திருமுல்லைவாயில் பக்கம் ஒரு வாத்தியார் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் புது ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய ஸ்கூட்டர் புதியதை விட விலை அதிகம். அந்த வாத்தியார் அதைப் பெண் கொடுப்பது போலத்தான் பேசினார். நல்ல வண்டிதான், ஆனால் சக்கரம் வடைச் சட்டி அளவு. எங்கள் ஊர்ப் பள்ளத்தில் இறங்கினால் தேடித்தான் எடுக்க வேண்டும். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

மூன்றாவதாக வந்தது பட்டாளத்து வண்டி. ஆவடியில் ஏலம் எடுத்து விற்கிறவர் ஒருவரிடம் இருந்தது. உடம்பெல்லாம் பாசிப் பச்சை, எருமைக் கன்று மாதிரி கனம். ரப்பருக்குப் பதில் இரும்பிலேயே செய்ததோ என்று நினைக்க வைக்கிற டயர். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த மாதிரி, பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூடப் பார்த்ததில்லை. நான் அன்றைக்கு ஷிப்டில் இருந்தேன், கூடப் போகவில்லை. அவரும் மெக்கானிக்கும் பார்த்தார்கள். ஏரிக்குள் இறக்கிப் பார்த்தார்கள், ஏறியது. பள்ளத்தில் விட்டுப் பார்த்தார்கள், வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், ஹாரனை அடித்துப் பார்த்தார்கள், லிட்டருக்கு எவ்வளவு போகும் என்று கேட்டார்கள். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று விற்றவரே வாய்விட்டுச் சொன்னாராம். சர்க்கார் வண்டி, எந்த வீட்டுச் சாவும் இதன் மேல் இல்லை என்று மாமியாரும் சம்மதித்தார்.

ஊரே திரண்டு வந்து பார்த்தது. அம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, விளக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதில் பீரங்கி கட்டுவார்களா என்று கேட்டார். எல்லாம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஏறி உட்கார்ந்து, "ஏறும்மே, ஒரு ரவுண்டு போலாம்" என்றார்.

நான் வண்டியைப் பார்த்தேன். சைக்கிளில் இருப்பது போல ஒரு ஆளுக்கான ஒற்றை சீட்டு. அதன் பின்னால் பெட்டி கட்டுகிற இரும்புச் சட்டம், அவ்வளவுதான். கால் வைக்க இடமில்லை. பின் சக்கரம் திறந்து கிடந்தது, செயின் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. என்னை ரயிலுக்குக் கொண்டுபோய் விடத்தான் வண்டி. மூன்று வாரமாக இத்தனை ஆண்பிள்ளைகள் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, காது வைத்துக் கேட்டு எடுத்த வண்டியில் நான் எங்கே உட்காருவேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "எங்க ஏற்றது?" என்று கேட்டேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கோணிப்பையை நாலாக மடித்து அந்தச் சட்டத்தில் கட்டினார். பட்டாளத்துச் சிப்பாயே இதில்தான் உட்காருவான், நீ உட்கார மாட்டாயா என்று சமாதானம் சொன்னார். சிப்பாய் புடவை கட்டுவதில்லை என்று நான் சொன்னேன். ஒரு வாரம் அப்படியே போனேன். இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இருந்தாலும் ரயிலைப் பிடித்தேன், சங்குக்கு முன்னால் போனேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் முதல் வாரம் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து நான் பஸ்ஸில் போன அன்று ஒரு தடவை கேட் மூடிவிட்டது. அடுத்த வாரம் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, காற்றில் பறந்த என் முந்தானை செயினுக்குள் போய்விட்டது. ஒரே இழுப்பு. நான் ரோட்டோரச் சேற்றில் மல்லாந்து கிடந்தேன். கழுத்தைச் சுற்றியிருந்தால் இதை எழுத நான் இல்லை. கிழிந்த புடவையைச் சுற்றிக்கொண்டு, முழங்கையில் ரத்தத்தோடு எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. கேட்காரர் கம்பி வழியாக என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு தபா தாம்மா. பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கிழிந்த புடவையை நடுக்கூடத்தில் போட்டேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்குக் கோபம் வரவில்லை. மாமியார் புடவையை எடுத்துப் பார்த்தார். கிழிசல் இருந்த இடத்தைக் கையால் அளந்து பார்த்தார். "அப்ப வேலய உட்டுடு. உசுரு இருந்தா கஞ்சி குடிச்சிக்கலாம்" என்றார். குரலில் அதட்டல் இல்லை, பயந்துதான் சொன்னார்.

நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "வேலய உட மாட்டேன். எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் ஊட்டு வண்டிதான் வோணும். அதுலதான் பொம்பள ஒக்கார எடம் கீது."

அவர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பட்டாளத்து வண்டியை விற்றவர் சொன்ன வார்த்தை தவறாமல் திருப்பி வாங்கிக்கொண்டார். பக்கத்து ஊரில் பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் ஏற்கெனவே அதற்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாராம். அந்த மட்டுக்கு எனக்கு நல்ல நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனோம். அந்த வண்டி அதே ஓரத்தில், அதே சாக்கின் கீழ் நின்றது. நடுவில் ஐந்தாறு பேர் வந்து பார்த்துப் பிடித்துப்போய், செத்தவர் வண்டி என்று தெரிந்ததும் போய்விட்டார்களாம். தம்பிதான் சொன்னான். கதவு அன்றைக்கும் ஒரு சாண் திறந்திருந்தது. பேச்சு முடிந்து, காகிதத்தில் கையெழுத்தாகி, என் வீட்டுக்காரர் வண்டியைத் தெருவுக்கு இறக்கி ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். வாரக்கணக்கில் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்த உடம்பு, பஞ்சு சீட்டில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் தடுமாறியது. அவர் தோளைப் பிடித்தேன், சட்டையைப் பிடித்தேன், முந்தானையை ஒரு கையால் சுருட்டிக்கொண்டேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தோளப் புடிக்காத. ஓட்றவருக்குக் கையி ஆடும்" என்று ஒரு குரல் கேட்டது.

கதவுக்குப் பின்னால் இருந்தவர் வெளியே வந்துவிட்டிருந்தார். என்னை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. தப்பாக உட்கார்ந்திருக்கிறாளே என்று பொறுக்க முடியாமல் யோசிக்காமல் வந்துவிட்டார் என்று தெரிந்தது. நேராக என்னிடம் வந்து, என் இடது கையைப் பிடித்துச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோனார். அங்கே ஒரு இரும்பு வளையம் இருந்தது. மெக்கானிக் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நாலு விரல் நுழைகிற அளவு, துணி சுற்றி மெத்தென்று இருந்தது.

"எனக்காவ அவரு வெல்டு வெச்சிக் கொடுத்தாரு. பள்ளம் வந்தா இத்த இறுக்கிப் புடிச்சிக்கோ, ஒண்ணும் ஆவாது. முந்தானைய இடுப்புல நல்லாச் சொருவு" என்றார்.

சொல்லி முடித்து, வீட்டுக்குத் திரும்ப வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தபோதுதான் தான் நிற்கிற இடம் அவருக்குத் தெரிந்தது. முதல் முதலாகக் கிளம்புகிற வண்டிக்கு முன்னால், நேர் எதிரே. அவர் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. கொழுந்தன் "அண்ணி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். அவர் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்வாங்கினார். என் வீட்டுக்காரர் கிக்கரில் வைத்த காலை எடுத்துவிட்டார். அந்த அக்கா உள்ளே போகட்டும் என்று காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து போகிற அந்த அவசரம் அப்படியே இந்த அக்கா காலிலும் இருந்தது. அப்போதுதான் எனக்கு வழக்கமான என் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மேலும்தான்.

"அக்கா, அங்கயே நில்லு. நீ நின்னாத்தான் வண்டி கெளம்பும்" என்றேன்.

அவர் நின்றார். என் வீட்டுக்காரர் மறுபடி கிக்கரில் காலை வைத்தார். பிறகு உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் உள்ளே போகவில்லை. நடுத்தெருவில் நின்று வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மாமியார் வண்டியைப் பார்க்க வெளியே வரவில்லை. எலுமிச்சம்பழமும் இல்லை, மாலையும் இல்லை. சாயந்திரம் அரிசி புடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார், "கெளம்பறப்போ எதிர்ல யாரு வந்தது?"

பசுமாடு வந்தது, நிறைகுடம் வந்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். என்னால் முடியவில்லை. "அந்த அக்காதான் வந்தாங்க. நான்தான் நிக்கச் சொன்னேன். அவங்க வரலன்னா எங்க புடிக்கறதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது, அத்தே" என்றேன். வளையத்தைப் பற்றியும், அதில் சுற்றியிருந்த துணியைப் பற்றியும் சொன்னேன். மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எந்தத் துணி என்று கேட்டார். ஏதோ நூல் புடவைக் கிழிசல், கட்டம் போட்டது என்றேன். முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வயலும் பாதையும் ஒன்றாகத் தண்ணீர். இன்றைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மூன்றாவது தடவை, என் நாற்காலி இன்னொருத்திக்கு. முந்தானையை இரண்டு முறை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டேன். அவர் வண்டியை வாசலில் நிறுத்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் ஏறி அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம்போல மாமியார் அடுப்படிக்குள் இருந்தார். என் வீட்டுக்காரர் கிக்கரில் காலை வைத்தார்.

அப்போது கதவு திறந்தது. மாமியார் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு தூக்கோடு மழையில் இறங்கி வந்தார். பக்கவாட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை. சுற்றி வந்து, விளக்குக்கு நேராக, எதிரே நின்றார். என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக வேலைக்குக் கிளம்பும்போது அவர் தன் அம்மா முகத்தைப் பார்த்ததில்லை. இரண்டு தூக்கையும் அவர் கையில் கொடுத்துவிட்டு மாமியார் என்னைப் பார்த்தார்.

"கெட்டியா புடிச்சிக்கோ. போய்ட்டு வா" என்றார்.

வாசலிலிருந்து ரோடு வரைக்கும் அந்த ஒரு மைலில் வண்டி எத்தனை முறை வழுக்கியது, எத்தனை முறை எழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் அழுதார். அவர் இல்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார். தோளைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தும் அவர் முதுகு குலுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆவடியில் ரயில் காத்திருந்தது. அம்பத்தூரில் இறங்கி ஓடினேன். முதல் சங்கு ஊதும்போது நான் கேட்டுக்குள் நின்று புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.